பூட்டு ஊர்க்காரங்க சொல்றோம்: ஜிம்முக்கு வருஷப் பூட்டு போடாதீங்க



ஜனவரி வந்தா ஒரு ஆஃபர் வரும். ஆடி வந்தா ஒரு ஆஃபர் வரும். தீபாவளி போனஸ் கிரெடிட் ஆன அன்னைக்குச் சரியா இன்னொன்னு வரும். "ஒரு வருஷம் மொத்தமா கட்டினா மூணுல ஒரு பங்கு தள்ளுபடி", "ஜோடியா சேர்ந்தா பாதி விலை", "நோ காஸ்ட் இஎம்ஐ வசதி உண்டு". நாகல் நகர் மேம்பாலம் இறங்கி பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்றதுக்குள்ள இந்த மாதிரி ரெண்டு ஃபிளெக்ஸாவது கண்ணுல படும். போனைத் திறந்தா இன்ஸ்டாகிராம்லயும் அதே விளம்பரம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். முதல் வருஷம் ஜிம்முக்கு வருஷச் சந்தா கட்டாதீங்க. அதே நேரத்துல, உடற்பயிற்சிக்குன்னு ஒதுக்குற காசையும் குறைக்காதீங்க. "ஜிம் காசை மிச்சம் பண்ணி எஸ்ஐபி போடுங்க"ன்னு நான் சொல்லப் போறதில்ல. அந்தக் காசை எப்படிப் பிரிச்சு செலவு பண்ணா நீங்க வருஷக் கடைசி வரைக்கும் வேர்வை சிந்துவீங்கங்கறதுதான் இந்தப் பதிவு. அதுக்கு நம்ம திண்டுக்கல்லே நல்ல உதாரணம்.

ஏன் இதை ஒரு பணப் பிரச்சினையா பாக்கணும்?

2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வுப்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கு. இன்னும் 13.6 கோடி பேர் அதுக்கு முந்தைய கட்டத்துல இருக்காங்க. நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்து வேலை, ராத்திரி பரோட்டா, ஞாயித்துக்கிழமை பிரியாணின்னு வாழ்ற நம்மள மாதிரி ஆளுங்க இந்தக் கணக்குக்கு ரொம்ப தூரத்துல இல்ல.

28 வயசுல ஹெல்த் இன்சூரன்ஸ் ஃபார்ம்ல "சர்க்கரை இருக்கா?"ங்கற கேள்விக்கு "இல்லை"ன்னு எழுதறதுக்கும், 36 வயசுல "ஆமா"ன்னு எழுதறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. "ஆமா"ன்னா பிரீமியம் கூடலாம். ஏற்கெனவே இருக்குற நோய்க்குக் காத்திருப்புக் காலம் வரும். 2024-ல் ஐஆர்டிஏஐ அந்தக் காலத்தை அதிகபட்சம் 48 மாசத்துல இருந்து 36 மாசமா குறைச்சாங்க. ஆனாலும் அது மூணு வருஷம். அதனால உடம்பை அசைக்கறதுக்கு ஆகுற செலவை நான் வீண் செலவுல சேர்க்கமாட்டேன். எமர்ஜென்சி ஃபண்டுக்குப் பக்கத்துல வைக்க வேண்டிய காசு அது.

ஒண்ணு கவனிச்சுக்கோங்க. சம்பளக்காரங்களுக்கு ஜிம் கட்டணத்துக்கு வருமான வரிக் கழிவு கிடையாது. 80டி-ல வர்ற 5,000 ரூபாய் முன்னெச்சரிக்கை மருத்துவப் பரிசோதனைக்குத்தான், அதுவும் பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு மட்டும். "ஜிம் பில்லை வச்சு டாக்ஸ் கிளெய்ம் பண்ணிக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

எல்லா லாக்-இன்னும் ஒண்ணு இல்ல

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. பூட்டைப் பத்திப் பேச நமக்கு உரிமை இருக்கு!

பிபிஎஃப்-க்கு 15 வருஷம் பூட்டு. இஎல்எஸ்எஸ் ஃபண்டுக்கு 3 வருஷம் பூட்டு. இதெல்லாம் நல்ல பூட்டு. ஏன்னா நீங்க தூங்கினாலும் உள்ள இருக்குற காசு வேலை செய்யும். நீங்க மறந்துட்டா இன்னும் நல்லாவே வேலை செய்யும்.

ஜிம் சந்தா அப்படி இல்ல. அது வேலை செய்யணும்னா நீங்க காலையில 5.30-க்கு எந்திரிக்கணும். நீங்க போகாத ஒவ்வொரு நாளும் அதோட மதிப்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுட்டே இருக்கும். மீதி சந்தாவை வித்து வெளிய வரவும் முடியாது. "ஃப்ரீஸ் பண்ணலாமா, வேற ஆளுக்கு மாத்தலாமா"ன்னு கேட்டா பெரும்பாலும் பில்லுக்குப் பின்னாடி பொடி எழுத்துல பதில் இருக்கும்.

கணக்கு போட்டுப் பாப்போம். உதாரணத்துக்கு மாசம் 1,500 ரூபாய்னு வைங்க. வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ஆஃபர்ல 12,000. மாசா மாசம் கட்டினா 18,000. "6,000 ரூபாய் லாபம்"னு மனசு சொல்லும்.

இப்ப பிரேக்-ஈவன் பாருங்க. 12,000-ஐ 1,500-ஆல வகுத்தா 8. அதாவது 8 மாசத்துக்கு மேல ஒழுங்கா போனாத்தான் வருஷச் சந்தா லாபம். நாலு மாசம் போய் நிறுத்திட்டா? மாசா மாசம் கட்டினவருக்கு 6,000 செலவு, உங்களுக்கு 12,000. மாசம் 12 நாள் வீதம் 48 தடவை போயிருப்பீங்க. ஒரு தடவைக்கு 250 ரூபாய் ஆச்சு. அதே ஜிம்முக்கு, அதே 48 தடவைக்கு, அவருக்கு 125 ரூபாய்தான்.

உங்க ஊர் ஜிம்மோட ரேட்டை வச்சு இதே வகுத்தலைப் போடுங்க. வர்ற நம்பரைப் பாத்துட்டு உங்களையே கேட்டுக்கோங்க: போன தடவை நான் எத்தனை மாசம் தொடர்ந்து போனேன்?

இது நம்ம சோம்பேறித்தனம் மட்டும் இல்ல

ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக் மால்மெண்டியர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்காவுல மூணு ஹெல்த் கிளப்போட 7,752 உறுப்பினர்களை மூணு வருஷத் தரவுல ஆராய்ஞ்சாங்க. 2006-ல் வெளியான அந்தக் கட்டுரையோட தலைப்பே "ஜிம்முக்குப் போகாம இருக்கக் காசு கட்டுவது"ங்கற அர்த்தத்துல இருக்கும். மாசம் 70 டாலருக்கு மேல சந்தா கட்டினவங்க சராசரியா மாசத்துக்கு 4.3 தடவைதான் போனாங்க. ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல ஆச்சு. அதே கிளப்ல 10 தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தா ஒரு தடவைக்கு 10 டாலர்தான். சராசரியா ஒரு ஆளு உறுப்பினரா இருந்த காலத்துல இப்படி விட்டது 600 டாலர்.

சந்தா கட்டும்போது நாம நினைக்கறது நாளைக்கு இருக்கப் போற "நான்" பத்தி. அந்த ஆளு ரொம்ப ஒழுக்கமானவர், தினமும் எந்திரிப்பார். நிஜமா காலையில அலாரத்தை அணைக்கறது வேற ஆளு. கிரெடிட் கார்டு பில்லை "அடுத்த மாசம் ஃபுல்லா கட்டிடலாம்"னு தள்றவரும் இதே ஆளுதான்.

அந்த ஆய்வுல இன்னொரு விஷயமும் இருக்கு. மாசச் சந்தா எடுத்தவங்க, அது தானா புதுப்பிச்சுக்கிட்டே போனதால, ரத்து பண்ணாமலே ஒரு வருஷத்தைத் தாண்டி இழுத்துட்டாங்க. அதனால "மாசம் மாசம் கட்டுங்க"ன்னு மட்டும் சொன்னா பத்தாது. ஆட்டோபே போடாம, உங்க கையால யுபிஐ-ல அனுப்புங்க. ஒவ்வொரு மாசமும் 1,500 ரூபாயை டைப் பண்ணும்போது "இந்த மாசம் போவேனா?"ன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விதான் உங்களுக்கு வேணும்.

"காசு கட்டினாத்தானே போவோம்?"

நிறைய பேர் சொல்ற வாதம் இது. நியாயமான வாதமும் கூட. பெருசா கட்டினா மனசு உறுத்தும், உறுத்தினா போவோம்னு நினைக்கிறோம்.

உறுத்தும், உண்மைதான். ஆனா எவ்வளவு நாள்? ஜான் கோர்வில், திலீப் சோமன் ரெண்டு பேரும் 1998-ல் இதைப் பத்தி எழுதினாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை கட்டணம் கட்டுற உறுப்பினர்கள், கட்டின உடனே வர்ற மாசத்துல அதிகமா வந்தாங்க. அப்புறம் மாசா மாசம் குறைஞ்சுது. அடுத்த தடவை கட்டினதும் திரும்ப ஏறுச்சு. கட்டின காசோட வலிக்கும் ஒரு தேய்மானம் இருக்கு.

அந்த வலியை வருஷத்துல ஒரே தடவை பெருசா வாங்கறதை விட 12 தடவை சின்னதா வாங்கறது மேல். வருஷ ஆஃபரை விட்டதால கூட ஆகுற ரூபாயை "பழக்கக் கட்டணம்"னு வைங்க. 8 மாசம் விடாம போயிட்டீங்கன்னா, அடுத்த வருஷம் தாராளமா வருஷச் சந்தா எடுங்க. அப்ப அது உங்களுக்கு லாபம்தான். பழக்கம் முதல்ல, பேமென்ட் அப்புறம்.

போர் அடிக்குதுங்கறதும் ஒரு செலவுதான்

மூணாவது மாசம் நின்னு போறதுக்கு நேரமில்லைங்கறது ஒரு காரணம்னா, சலிப்பு இன்னொரு காரணம். அதே டிரெட்மில், அதே சுவர், அதே ஆறு மெஷின். சலிப்பு வந்ததும் நாம செய்ற வேலை என்னன்னா இன்னும் காசு போடறது. புது ஷூ, ஸ்மார்ட் வாட்ச், புரோட்டீன் டப்பா, பெரிய ஜிம்முக்கு மாற்றம். ரெண்டு வாரம் உற்சாகம், அப்புறம் பழைய கதை.

பயிற்சியையே மாத்திப் பாக்கலாமே? 2019-ல் பிளாஸ் ஒன் இதழ்ல ஒரு சின்ன ஆய்வு வந்துச்சு. ஏற்கெனவே எடை தூக்கிப் பழகின 21 ஆண்கள், 8 வாரம். ஒரு குழுவுக்கு எப்பவும் அதே பயிற்சிகள். இன்னொரு குழுவுக்கு ஒரு ஆப் ஒவ்வொரு தடவையும் பயிற்சிகளை மாத்திக் கொடுத்தது. தசையும் பலமும் ரெண்டு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கூடுச்சு. ஆனா மாத்தி மாத்திச் செஞ்சவங்களுக்குப் பயிற்சி மேல ஆர்வம் கூடியிருந்தது. ஆளு எண்ணிக்கை கம்மி, அதனால இதையே வேதவாக்கா எடுக்க வேணாம். நம்ம அனுபவத்தோட ஒத்துப் போகுதுங்கறது மட்டும் போதும்.

அதுக்காக தினம் ஒண்ணுன்னு தாவவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு, கூடவே வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்குப் பலம் தர்ற பயிற்சி. இதை போர்ட்ஃபோலியோ மாதிரி பிரிச்சுக்கோங்க. அந்த ரெண்டு நாள் பலப் பயிற்சி உங்க இண்டெக்ஸ் ஃபண்டு, அதைத் தொடாதீங்க. ஜிம்ல செஞ்சாலும் சரி, வீட்டுல தண்டால், பைட்டக் எடுத்தாலும் சரி. மிச்சம் 150 நிமிஷத்தை எப்படி வேணா மாத்துங்க. அதை மாத்தறதுக்குத் திண்டுக்கல்ல என்னென்ன இருக்குன்னு பாக்கலாம்.

1. மலைக்கோட்டை: நம்ம ஊரு ஸ்டேர்-மாஸ்டர்

பெரிய ஜிம்ல படி ஏறுற மெஷினுக்கு வரிசையில நிக்கிறாங்க. நமக்கு ஊருக்கு நடுவுலயே பாறையில வெட்டின படி இருக்கு. 1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கின கோட்டை, பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான் கையில இருந்தது. இப்ப இந்தியத் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. ஒரு சின்ன நுழைவுக் கட்டணம்தான். மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு, திறந்ததும் முதல் ஆளா ஏறுங்க. வெயில் ஏறினா பாறை கொதிக்கும். முதல் தடவை நின்னு நின்னு ஏறுங்க, நேரத்தைக் குறிச்சு வைங்க. மூணாவது மாசம் அதே நேரத்தைப் பாத்தா எந்த ஸ்மார்ட் வாட்சும் தராத சந்தோஷம் வரும். இறங்கும்போதுதான் முட்டிக்கு வேலை, அதனால அவசரமா இறங்காதீங்க.

2. அரசாங்கம் போட்டுக் கொடுத்த 8 கிலோமீட்டர்

2023 நவம்பர் 4-ந் தேதி தமிழ்நாடு அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தைத் தொடங்கினது. 38 மாவட்டத்திலும் தலா 8 கிலோமீட்டர் நடைபாதை, திண்டுக்கல்லும் அதுல உண்டு. மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை நடையோட மருத்துவ முகாமும் சேர்ந்த திட்டம் இது. பிரஷர், சுகர் பாக்க லேப்ல கொடுக்குற காசும் மிச்சம். நம்ம வரிப்பணத்துல போட்டது, அதை உபயோகிக்காம விடறதும் ஒரு நஷ்டம்தான்.

3. சிலம்பம்

கம்பு ஒண்ணு, வெறும் தரை, ஒரு ஆசான். இவ்வளவுதான் முதலீடு. காலடி, வீச்சு, சுத்துன்னு முதல் மாசமே தோள், இடுப்பு, கணுக்கால் எல்லாம் கேள்வி கேக்கும். அதோட எண்ணிக்கையை மனசுல வச்சுக்கிட்டே கையைச் சுத்தணும், அதனால ஆபீஸ் மெயில் ஞாபகத்துக்கே வராது. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில சிலம்பம் செயல்விளக்க விளையாட்டா இடம் பிடிச்சது. "சின்னப் பசங்களோட நின்னு கத்துக்கணுமா"ன்னு கூச்சப்படாதீங்க. பத்து வயசுப் பொண்ணு உங்களை விட வேகமா சுத்தும், அதுவே நல்ல பாடம்.

4. கர்லாக்கட்டை

இன்ஸ்டாகிராம்ல இன்னைக்கு "மேஸ்", "கிளப்"னு பேர் வச்சு ஆயிரக்கணக்குல விக்கிறது எல்லாம் நம்ம கர்லாக்கட்டையோட சொந்தக்காரங்கதான். பிரிட்டிஷ் படை இங்க பாத்துட்டு ஊருக்கு எடுத்துட்டுப் போனது. 1904, 1932 ரெண்டு ஒலிம்பிக்லயும் கிளப் சுழற்றுறது ஒரு போட்டியாவே இருந்தது. 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ்ல தங்கம் வாங்கின ஜார்ஜ் ரோத், அப்ப பொருளாதார மந்தத்துல வேலை இல்லாம இருந்தவர். பதக்கத்தை வாங்கிட்டு வழியில வந்த வண்டியில லிஃப்ட் கேட்டு வீட்டுக்குப் போனார்னு சொல்வாங்க. எமர்ஜென்சி ஃபண்டு எவ்வளவு முக்கியம்னு இதுக்கு மேல நான் சொல்லத் தேவையில்ல!

மர வேலை பாக்கறவங்ககிட்ட சின்ன சைஸ் ஜோடி ஒண்ணு கடைஞ்சு வாங்கிக்கலாம். லேசான எடையில ஆரம்பிங்க, தெரிஞ்சவங்க முன்னாடி கத்துக்கோங்க. மானிட்டரைப் பாத்துக் கூனிப்போன தோளுக்கு நல்ல மருந்து.

5. பறை, ஒயிலாட்டம், இல்லைன்னா வீட்டுக்குள்ள ஒரு ஆட்டம்

ஜும்பா எப்படி வந்துச்சு தெரியுமா? 1990-கள்ல கொலம்பியாவுல பெட்டோ பெரெஸ்ங்கற ஏரோபிக்ஸ் பயிற்சியாளர் வகுப்புக்குரிய கேசட்டை மறந்துட்டு, கையில இருந்த சல்சா பாட்டுகளைப் போட்டு ஆட வச்சார். அவங்க ஊரு பாட்டு அவங்களுக்கு உலக பிராண்டு ஆச்சு. நம்ம பக்கத்துல ஒயிலாட்டம், தேவராட்டம், பறையாட்டம் எல்லாம் இருக்கு. பெண்கள் கையில பறையைக் கொடுத்து மேடையேத்தின சக்தி கலைக்குழு திண்டுக்கல்காரங்கதான். பறையைத் தோள்ல மாட்டி, அடிச்சுக்கிட்டே அடவு போட்டு 20 நிமிஷம் ஆடிப் பாருங்க, எந்த டிரெட்மில்லும் அதுக்கு ஈடு இல்ல. வகுப்பு கிடைக்கலைன்னா பரவால்ல. கதவைச் சாத்திட்டு நாலு குத்துப் பாட்டு போடுங்க, செலவு பூஜ்யம்.

6. சிறுமலை சைக்கிள்

சுமார் 25 கிலோமீட்டர்ல சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவு. பைக்ல போய் செல்ஃபி எடுத்துட்டு வர்ற அதே ரோடுதான். முதல் நாளே உச்சிக்குப் போக நினைக்காதீங்க. அடிவாரம் வரைக்கும் போய் மூணு வளைவு ஏறி இறங்கினாலே போதும், அடுத்த மாசம் ஆறு. புது சைக்கிளுக்கு 30,000 போடறதுக்கு முன்னாடி வீட்டுல தூசி படிஞ்சு நிக்கிற பழைய சைக்கிளை சர்வீஸ் பண்ணுங்க. பிரேக் கட்டை புதுசா மாத்தாம மட்டும் இறங்காதீங்க. நல்லா விடிஞ்ச பிறகு கிளம்புங்க, காட்டு மாடு நடமாட்டம் உள்ள இடம் அது.

7. பழனியை ஒரு இலக்கா வைங்க

தைப்பூசம் வந்தா நம்ம ரோடு முழுக்க பச்சையும் காவியுமா நடக்கும். திண்டுக்கல்ல இருந்து ஒட்டன்சத்திரம் வழியா பழனிக்குச் சுமார் 60 கிலோமீட்டர், மேல ஏற 693 படி. பக்தி உங்க விருப்பம். பயிற்சிக் கணக்குல பாத்தா, தேதி குறிச்ச ஒரு இலக்கு இது. எந்த மாரத்தானுக்கும் கட்டுற ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் இதுக்கு இல்ல. கார்த்திகையில இருந்தே ஞாயிறு தோறும் 5, 8, 12, 16, 20 கிலோமீட்டர்னு ஏத்திக்கிட்டுப் போங்க. வீட்டுல அப்பத்தாவோ அத்தையோ வருஷா வருஷம் நடக்கறவங்களா இருந்தா அவங்களையே கோச்சா வச்சுக்கோங்க. எந்த இடத்துல உட்காரணும், எப்ப தண்ணி குடிக்கணும், கால் கொப்பளத்துக்கு என்ன செய்யணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். ராத்திரி நடந்தா முதுகுல ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம்.

8. குப்பை பொறுக்கிக்கிட்டே ஓட்டம்

ஸ்வீடன்ல 2016-ல் தொடங்கின பழக்கம், பேரு பிளாகிங். ஓடணும், வழியில கிடக்குற குப்பையைக் குனிஞ்சு எடுத்துப் பையில போடணும். 2019 அக்டோபர்ல பிரதமர் மாமல்லபுரம் கடற்கரையில இதைச் செஞ்ச வீடியோ வந்தப்ப நாம எல்லாம் பாத்தோம். ஒவ்வொரு குப்பைக்கும் ஒரு பைட்டக். நாகல் நகர் வாரச்சந்தை முடிஞ்ச மறுநாள் காலையில அந்தப் பக்கம் அரை மணி நேரம் போனா, நூறு பைட்டக்குக்குக் குறையாது! ஒரு ஜோடி கையுறை, ஒரு பழைய அரிசிச் சாக்கு போதும்.

சலிப்பை ஏமாத்த ஒரு வழி

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல கேட்டி மில்க்மன் குழு ஒரு சோதனை செஞ்சாங்க, 2014-ல் வெளியானது. விறுவிறுப்பான ஆடியோ நாவல்களை ஜிம்ல மட்டுமே கேக்க முடியும்னு வச்சாங்க. அந்தக் குழு ஆரம்பத்துல மத்தவங்களை விட 51 சதவீதம் அதிகமா ஜிம்முக்கு வந்தது. நீங்களும் உங்களுக்குப் பிடிச்ச பாட்காஸ்ட், கதை, எங்க சேனலோட நீளமான வீடியோ, எதுவானாலும் நடக்கும்போது மட்டும் கேளுங்க. சோபாவுல உட்கார்ந்து கேக்கத் தடை. ரோட்டுல நடந்தா ஒரு காதுக்கு மட்டும் இயர்போன்.

ஆனா நீண்ட விடுமுறை ஒண்ணு வந்ததும் அந்தச் சோதனையோட பலன் போயிடுச்சு. நமக்குப் பொங்கல் லீவும் தீபாவளி லீவும் இதே வேலையைத்தான் செய்யும். அதனால லீவு முடியற திங்கட்கிழமைக்கு இப்பவே காலண்டர்ல ஒரு புதுப் பயிற்சியைக் குறிச்சு வைங்க. பழசுக்குத் திரும்பறதை விடப் புதுசைத் தொடங்கறது சுலபம்.

அப்ப பட்ஜெட் எப்படி?

மாசம் 25,000 முதல் 40,000 வரை சம்பளம் வாங்கறவங்களுக்கு நான் சொல்ற பிரிப்பு இது. மேல சொன்ன அதே 12,000 ரூபாயை எடுத்துக்குவோம்.

- 6,000 ரூபாய்: ஜிம்முக்கு நாலு மாசம், மாசா மாசம், கையால யுபிஐ. மழையும் வெயிலும் வெளிய விடாத மாசங்களைத் தேர்ந்தெடுங்க.
- 3,000 ரூபாய்: கத்துக்கறதுக்கு. சிலம்பமோ, பறையோ, நீச்சலோ. மாவட்ட விளையாட்டு அரங்கத்துலயும் என்ன பயிற்சி, என்ன கட்டணம்னு ஒரு தடவை நேர்ல போய்க் கேளுங்க.
- 1,500 ரூபாய்: சாமான். கம்பு, கர்லாக்கட்டை, ஸ்கிப்பிங் கயிறு, சைக்கிள் சர்வீஸ்.
- 1,500 ரூபாய்: சலிப்பு நிதி. ஒண்ணு போர் அடிச்சா அடுத்ததுக்கு மாறுறதுக்கு. எமர்ஜென்சி ஃபண்டு மாதிரியே இதையும் முன்னாடியே எடுத்து வைக்கணும், இல்லைன்னா சலிப்பு வந்த அன்னைக்கு கிரெடிட் கார்டுதான் பேசும்.

நல்ல காலணி இந்தக் கணக்குல இல்ல. அது எப்படியும் வாங்க வேண்டியது, அதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்.

கூடவே மூணு விஷயம். ஒண்ணு, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்துல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. 12,000 ரூபாய்க்கு 2,160 இருந்த வரி இப்ப 600. பில்லுல இன்னும் 18 போட்டிருந்தா தைரியமா கேளுங்க. ரெண்டு, உங்க ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசியில "வெல்னஸ்" பகுதியைப் படிங்க. சில பாலிசியில தினசரி நடைக் கணக்குக்கு ரினியூவல் தள்ளுபடி உண்டு. மூணு, ஜிம் சந்தாவை எந்த இஎம்ஐ-லயும் வாங்காதீங்க. போகாத ஜிம்முக்கு ஆறு மாசம் தவணை கட்டற கடுப்பு வேற எதுலயும் இல்ல.

யாருக்கு வருஷச் சந்தா சரி?

ஏற்கெனவே 8 மாசம் விடாம போனவங்களுக்கு. பளு தூக்கும் போட்டிக்கோ சீருடைப் பணித் தேர்வுக்கோ தயாராகிறவங்களுக்கு. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்கும், வெளிய நடக்கப் பாதுகாப்பான நேரமும் இடமும் கிடைக்காத பெண்களுக்கும் ஜிம்தான் நிம்மதியான இடம்னா, அந்த நிம்மதிக்குக் கொடுக்கற காசு வீண் இல்ல. அவங்களும் முதல் மூணு மாசம் மாசா மாசம் கட்டிப் பாத்துட்டு அப்புறம் வருஷத்துக்கு மாறலாம். சர்க்கரை, பிரஷர், முட்டி வலி, நெஞ்சு சம்பந்தமா எதாவது இருந்தா மலையேற்றமோ நீண்ட நடையோ தொடங்கறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்துடுங்க.

இப்ப உங்களுக்கு வேலை. இந்த லிஸ்ட்ல ஒண்ணே ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. நாலு வாரம் செய்ங்க. எத்தனை தடவை செஞ்சீங்க, எவ்வளவு செலவாச்சுன்னு போன் நோட்ஸ்ல எழுதி, ஒரு தடவைக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க. மியூச்சுவல் ஃபண்டுக்கு ரிட்டர்ன் பாக்கற அதே அக்கறையோட பாருங்க. ஐஞ்சாவது வாரம் அந்த நம்பரைக் கையில வச்சுக்கிட்டு, ஆஃபர் கொடுக்கற ஜிம் வாசல்ல போய் நில்லுங்க. அப்ப கட்டறதா வேணாமாங்கறதை நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.